அதிகாரிக்கு யாரும் இடம் தராதீர்கள்

“அம்மா, பஸ்ஸுக்குக் கை உண்டா?”

ஆறு வயதில் ஹர்ஷிணி கேட்ட கேள்வி இது. வாயால் கேட்கவில்லை, விரல்களால் கேட்டாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது.

கேள்விக்குக் காரணம் இருந்தது. சோமனூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கல்லாங்காட்டுப்புதூருக்கு ஒரே ஒரு டவுன் பஸ்தான். காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் திரும்பி நின்று ஹாரன் அடிக்கும். தறிகளின் இரைச்சலையும் மீறி அது ஊர் முழுக்கக் கேட்கும். ஹர்ஷிணிக்கு மட்டும் கேட்காது. அதனால் கண்டக்டர் அப்துல் வஹீது, ஹாரன் அடித்ததும் படியில் நின்றபடி, அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டுவார். ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலிக்கு மேலே பஸ்ஸின் கூரையும் ஒரு கையும்தான் தெரியும். கோயமுத்தூர் உக்கடத்துக்காரரான அவரிடம் இப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

“உண்டு” என்று கோமளா மகளுக்கு விரலாலேயே பதில் சொன்னாள். அது பொய்யில்லை என்றுதான் அவள் நினைத்தாள். கடவுள் உதவியை எந்த உருவத்தில் அனுப்புவார் என்று யாருக்குத் தெரியும்?

காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி கோயமுத்தூரில் இருந்தது. முதலில் ஹர்ஷிணியை அங்கே விடுதியில்தான் விட்டார்கள். இரண்டே மாதத்தில் குழந்தை சோற்றைத் தொடாமல் துரும்பாகிப் போனாள். வீட்டில் பழகிய அவள் கைப்பேச்சைப் புரிந்துகொள்கிற ஒரே முகம் அம்மாவின் முகம். அது இல்லாத இடத்தில் அவளால் இருக்க முடியவில்லை. ஊர் பஸ் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே போகிறது என்று தெரிந்த பிறகுதான் வீட்டிலிருந்து போய்வரத் தொடங்கினாள். நிறுத்தத்தில் பள்ளி ஆயா வந்து நிற்பாள். வஹீது குழந்தையை அவள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். அப்பா ராமுலுவுக்கு மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவார். கோமளா மோகன்குமாரின் தறிக்குடோனில் நூல் சுற்றினாள். இரண்டு வருடத்தில் ஹர்ஷிணி எழுதப் படிக்கக் கற்றாள். “அம்மா” என்று வாய் திறந்து சொல்லவும் கற்றாள். சற்றுக் கரகரப்பாக வரும். கோமளாவுக்கு அதைவிட இனிய குரல் உலகத்தில் இல்லை.

அந்த பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி 1999 செப்டம்பரில் வந்தது. அப்படி வந்ததற்கு ஊரே காரணம்.

நடந்தது இதுதான். பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்கப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர் வேங்கடசாமி ஒரு வியாழக்கிழமை நேரில் வருவதாகத் தகவல் வந்தது. ஊராட்சித் தலைவர் செல்லாத்தாள் பதறிப்போனார். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று புதிய ஊராட்சிச் சட்டம் சொன்னதால் தலைவரானவர் அவர். வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியதாக வாழ்நாளில் ஒரு சம்பவம் கிடையாது. உடனே தமுக்கு அடிக்கச் சொன்னார்.

“பெரிய ஆபீசர் வாராரு. முட்டி மோதி ஏறி நம்மூரு மானத்த வாங்கிப்போடாதீங்க. அவரு நல்லா உக்காந்து போகோணும்!”

கொங்கு நாட்டில் இப்படிச் சொன்னால் போதும். அன்று ஒருவர்கூட பஸ்ஸில் ஏறவில்லை. சோமனூர் சந்தைக்குப் போக வேண்டியவர்கள் விடியுமுன்னே நடந்தார்கள். இளவட்டங்கள் சைக்கிளில் போனார்கள். மீதிப் பேர் ஓரமாகக் கைகட்டி நின்று, அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து வழியனுப்பினார்கள். சோமனூரிலிருந்து வருகிறவர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்ததால், நாள் முழுக்க ஒவ்வொரு நடையும் இப்படியே போயிற்று. வேங்கடசாமி அன்று பார்த்த பயணி ஹர்ஷிணி ஒருத்திதான். பள்ளிக்கு லீவு போட முடியாதென்று கோமளா அவளை மட்டும் ஏற்றிவிட்டிருந்தாள்.

பயணிகள் இல்லாததால் நவம்பர் முதல் பஸ் நிறுத்தப்படும் என்று ஊராட்சிக்குக் கடிதம் வந்தது.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. வழக்கமாகப் பத்துப் பேர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற கூட்டம். அன்று பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார இடமில்லை. வேங்கடசாமியும் வந்திருந்தார். நடுநாற்காலியில் செல்லாத்தாளின் கணவர் செங்கோட்டையன், மடிப்புக் கலையாத வேட்டியோடு அமர்ந்திருந்தார்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அவரைப் பார்த்தார். “ஐயா, தாங்கள் யாருங்க?”

“தலைவரூட்டுக்காரருங்க.”

“தலைவர் எங்கீங்க?”

“அவ மோர் கலக்கறாளுங்க. வந்தவீகளுக்குக் குடுக்கோணுமில்லீங்க?”

“சட்டப்படி கூட்டத்த நடத்த வேண்டியது அவங்கதானுங்க. தலைவரோட ஊட்டுக்காரருக்குன்னு சட்டத்துல நாற்காலி எதுவும் போடலீங்களே.”

கூட்டம் சிரித்தது. “அப்ப மோர இவரு கலக்கட்டுமுங்க!” என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அது கீரைக்காரி லட்சுமியம்மாள்.

செங்கோட்டையன் நல்ல மனிதர். எழுந்து துண்டை உதறிக்கொண்டு, “உப்பு போட்டாச்சா இல்லியான்னு மட்டும் சொல்லிப்போட்டு வரச் சொல்லுங்க” என்று மோர்ப் பானைப் பக்கம் போனார். செல்லாத்தாள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

முதலில் பேசியவர் மோகன்குமார். நாற்பது தறி ஓட்டுகிறவர். தனியார் மினி பஸ்களுக்கு அரசு பர்மிட் தருகிறது என்ற அறிவிப்பு வந்ததும் மினி பஸ் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

“ஏனுங், நான் ஒளிவுமறைவில்லாம சொல்றனுங்க. எங்கிட்ட வண்டி நிக்குது. பஸ் போற ரூட்டுல மினி பஸ்ஸுக்குப் பர்மிட் கெடைக்காது. இந்த டவுன் பஸ் நின்னாத்தான் நான் ஓட்ட முடியும். டவுன் பஸ் ஒரு நாளைக்கு நாலு நடை. நான் எட்டு நடை உடறேன். கை காட்டுன எடத்துலயெல்லாம் நிறுத்தறேன். ஊருக்கு என்னங்க நட்டம்?”

“நல்ல ரோசனைதானுங்க” என்று சிலர் தலையாட்டினார்கள்.

“மோகண்ணா, எம்பட கீரைக்கட்டு உம்பட வண்டில ஏறுமா? இல்ல, சீட்டுல கறை ஆயிரும்பீங்களா?” என்றார் லட்சுமியம்மாள்.

“உனக்குன்னா மேல கேரியர் வச்சுத் தாரேன் அக்கா. நீயும் மேலயே உக்காந்துக்கலாம்.”

சிரிப்பு அடங்கியதும் கோமளா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை. பேசப் போவதும் தனக்குக் கூலி கொடுக்கிறவருக்கு எதிராக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹர்ஷிணி, அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் சொல்றது நாயந்தானுங்க. ஆனா மினி பஸ்ஸு சோமனூரோட நின்னுரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இருக்கற இலவச பாசு கவர்மெண்டு பஸ்ஸுலதான் செல்லும். எம் பிள்ளை சோமனூருல எறங்கி, வேற பஸ் பாத்து ஏறோணும். ஹாரன் அடிச்சா அவளுக்குத் தெரியாது. பின்னாடி வண்டி வந்தாத் தெரியாது. கூட நான் போனா வேலை போயிரும். விடுதில உட்டா…” அவள் நிறுத்தினாள். “விடுதில உட்டா என்னாச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியுமுங்க.”

தெரியும். அந்த மெலிந்த குழந்தையை ஊரே பார்த்திருந்தது.

வேங்கடசாமி கனைத்துக்கொண்டார். கல் நெஞ்சுக்காரர் அல்ல. ஆனால் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. “அம்மா, எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒரு பாப்பாவுக்காக ஒரு பஸ் ஓட்ட முடியாது. நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க வண்டி காலி.”

எல்லோரும் தலை குனிந்தார்கள். அதிகாரியின் முகத்துக்கு நேரே, உங்களுக்கு மரியாதை செய்யத்தான் நாங்கள் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் செய்த உபசாரத்தைச் சொல்லிக் காட்டியதாக ஆகாதா? அந்தக் கூச்சத்திலேயே ஊர் தன் பஸ்ஸைக் கைவிட இருந்தது.

செல்லாத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்தார். 

“சார், அது எம்பட தப்புங்க.”

“என்ன தப்பு?”

“நீங்க வாரீங்கன்னு, ஆரும் பஸ்ஸுல முட்டி மோதி ஏறாதீங்கன்னு நாந்தான் தமுக்கு அடிக்கச் சொன்னேன். நீங்க நல்லா உக்காந்து போகோணுமின்னு. வந்தவீகள இடிச்சுத் தள்ளிட்டு ஏறுனா நல்லா இருக்குமுங்களா? இவீகெல்லாம் அன்னிக்கு நடந்தே போனாங்க.”

வேங்கடசாமி முன்னால் குனிந்தார். “எனக்கு மரியாதை செய்யவா காலி பஸ்ஸைக் காட்டினீர்கள்?”

“ஆமாங்க.”

“ஆள் கணக்கு எடுக்க வந்தவனிடமா?”

“கணக்கு எடுத்தாலும் விருந்தாளி விருந்தாளிதானுங்களே!”

அவர் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். ஊரும் கூச்சம் தெளிந்து சிரித்தது. ஆனால் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டது எல்லோரையும் அடக்கியது.

“சரிம்மா, நம்புகிறேன். ஆனால் அது ஒருநாள் கதை. அதற்குப் பிறகும் காலை நடையில் வழக்கமாக ஏறுகிற ஆளில் பாதிதான் ஏறுகிறது. அதற்கு என்ன காரணம்? அதையும் சொன்னால்தான் நான் மேலே எழுத முடியும்.”

செல்லாத்தாளுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. கோமளாவுக்குத் தெரியும்.

சோமனூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்குகிறவர்களில் பாதிப் பேர் மோகன்குமாரின் தறி ஆட்கள். புது வண்டி சும்மா நிற்கிறதே, டிரைவருக்கும் கை பழகட்டும் என்று, ஒரு மாதமாக மோகன்குமார் அவர்களைத் தன் வண்டியிலேயே ஏற்றி வந்துகொண்டிருந்தார். குடோனுக்குப் பின்வழியாக வருகிற வண்டி அது, ஊருக்குள் நுழைவதில்லை. அதில் வந்திறங்குகிறவர்களோடு தினமும் வேலை செய்கிறவள் கோமளா.

அவள் மோகன்குமாரைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் பஸ் தொடர்ந்து ஓடும். ஆனால் ஊர் கூடிய இடத்தில், ஆதாயத்துக்காகச் செய்தவர் என்று அவர் பெயர் கெடும். மழை பொய்த்துத் தங்கள் தோட்டம் காய்ந்த வருடம் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, கண்ணைத் தரையில் பதித்தாள். மகளின் கையை மட்டும் இறுகப் பிடித்தாள். மனசுக்குள், பிள்ளையாரப்பா, நீயே சொல்லிவிடு என்றாள்.

அவள் பார்த்ததையும், பார்த்துவிட்டுப் பேசாமல் தலை கவிழ்ந்ததையும் மோகன்குமார் கண்டார். ஒருவர் நம்மைக் காட்டிக்கொடுத்தால் நாம் எதிர்த்துப் பேசிவிடலாம். காட்டிக்கொடுக்காமல் விட்டால்தான் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.

“அது என்னால ஆனதுங்க” என்று அவர் எழுந்தார்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“எம்பட ஆளுகள ஒரு மாசமா என் வண்டிலதான் கூட்டியாறேன். பஸ்ஸ நிறுத்தோணுமின்னு செய்யலீங்க. வண்டி சும்மா நிக்குதேன்னு செஞ்சேன். ஆனா பஸ்ஸுல ஆளு கொறையும்னு எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சும் பேசாம இருந்துபோட்டேன்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளையிலிருந்து அவீக பூராவும் டவுன் பஸ்ஸுலதான் வருவாங்க. பஸ்ஸ நிறுத்தக் கூடாதுன்னு தீர்மானம் எழுதுங்க. முன்மொழியறது நானே.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. மோர்ச் சட்டியோடு நின்ற செங்கோட்டையன்தான் முதலில் வாய் திறந்தார். “அப்பறம் உம்பட வண்டி என்ன பண்ணும் மோகனு? கோழி அடைக்கவா?”

“பாத்துக்கலாம் மாமா.”

“பாத்துக்கலாமென்ன?” என்றார் செல்லாத்தாள்.  இப்போது அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “இட்டேரித் தடத்துக்கு அக்கட்ட மூணு தோட்டத்து ஊரு இருக்குது. ஒரு பஸ்ஸும் போறதில்ல. பிரசவத்துக்குக்கூட மாட்டு வண்டி கட்டித்தான் கொண்டாறாங்க. அங்க மினி பஸ்ஸு வேணுமின்னு ரண்டாவது தீர்மானம் போட்டா சட்டம் வேண்டாங்குதுங்களா, சார்?”

“மினி பஸ் திட்டமே அதுக்குத்தானுங்க வந்தது அம்மா” என்றார் ஒன்றிய அதிகாரி.

இரண்டு தீர்மானத்துக்கும் கை தூக்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடி முழுக்கக் கைகள் எழுந்தன. எல்லோரும் ஏன் தூக்குகிறார்கள் என்று புரியாமலே ஹர்ஷிணியும் இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

“பாப்பாவுக்கு ஓட்டு இல்லீங்களே” என்றார் ஒன்றிய அதிகாரி, சிரித்துக்கொண்டே.

“கணக்குல சேக்க வேண்டாமுங்க. கண்ணுல பாத்துக்கிட்டாப் போதும்” என்றார் செல்லாத்தாள்.

வேங்கடசாமி மறுபடி கணக்கெடுக்க ஒப்புக்கொண்டார். இந்த முறை எந்த நாள் வருவேன் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அன்று மாலையே செல்லாத்தாள் இரண்டாவது முறை தமுக்கு அடிக்கச் சொன்னார்.

“ஆபீசர் எந்த நாளு வேணாலும் வருவாரு. வந்தாருன்னா ஆரும் எந்திரிக்கக் கூடாது! எடம் குடுக்கக் கூடாது! எளநி வெட்டக் கூடாது!”

ஊருக்கு இதைவிடக் கடினமான உத்தரவு இருந்திருக்காது. அடுத்த வாரம் வேங்கடசாமி பிள்ளையார் கோயில் முன்னால் வந்து ஏறியபோது பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. தறி ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் சந்தைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அடைத்திருந்தார்கள். அவரைக் கண்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழப் போவதுபோல ஒருமுறை அசைந்தார்கள். பிறகு நினைவு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். ஒருவர் கண்ணையே மூடிக்கொண்டார்.

“முன்னால போங்க, முன்னால போங்க” என்று வஹீது தம் மேலாளரையும் சேர்த்துத் தள்ளினார்.

கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, மற்றொரு கையில் தோல்பையோடு வேங்கடசாமி நின்றார். மேடு வந்தபோது கீரைக்கட்டின்மேல் சாய்ந்தார். லட்சுமியம்மாளுக்குத் தாங்கவில்லை. அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, பரவாயில்லை…”

“நீங்க நிக்கோணுமின்னுதான் தலைவரு சொன்னாங்க. பையி உக்காரக் கூடாதுன்னு சொல்லலீங்க.”

வேங்கடசாமி அன்று சோமனூர் வரை நின்றுகொண்டே போனார். சிரித்துக்கொண்டே போனார் என்று வஹீது பிறகு சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு நாள் வந்தார். ஒருநாளும் இடம் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் கடிதம் வந்தது. பஸ் நிற்காது. மாலையில் ஒரு நடை கூடுதலாகவும் ஓடும்.

பிள்ளையாருக்கு ஊர் தேங்காய் உடைத்தது. ஓட்டுநரையும் வஹீதையும் நிறுத்தி மாலை போட்டார்கள். செல்லாத்தாள் கையாலேயே இரண்டு பேருக்கும் இளநீர் கொடுத்தார். இந்த முறை யாரும் ஓரமாக நிற்கவில்லை. இளநீர் குடித்து முடிப்பதற்குள் பஸ் நிரம்பிவிட்டது. முன்சீட்டில் ஹர்ஷிணி, கழுத்தில் வஹீது மாட்டிவிட்ட சாமந்தி மாலையோடு, ராணிபோல உட்கார்ந்து போனாள்.

இட்டேரி வழியாக மூன்று தோட்டத்து ஊர்களுக்கு மினி பஸ் ஓட்ட, மோகன்குமாருக்கு மார்கழிக் கடைசியில் பர்மிட் வந்தது. முதல் ஓட்டம் பொங்கல் நோம்பி கழிந்த மறுநாள் என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள், நோம்பி லீவிலும் மிச்சமிருந்த நூலைக் கோமளா சுற்றிக்கொண்டிருந்தபோது, குடோன் வாசலில் அவர் டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“இட்டேரித் திருப்பத்துல கருவமுள்ளு ரண்டு பக்கமும் சாஞ்சு கெடக்குது. நாளைக்குப் புது வண்டி பூராக் கீறிப்போடும். ஆளு உட்டு வெட்டலாம்னா நோம்பி நாள்ல ஒருத்தனும் வர மாட்டீங்கறான். செரி, கீறுனாக் கீறிட்டுப் போகுது.”

கோமளா நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது, நோம்பிக்கு வந்திருந்த ராமுலுவும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கோமளா அரிவாளை எடுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். இரண்டு வேலிக்கு நடுவே போகும் அந்த மண்பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பக்கத்து முள்ளை வெட்டி முடித்து, மறு பக்கத்தைத் தொடங்கினாள். பஸ்ஸின் உயரத்துக்குக் கை எட்டாத கிளைகளைக் கரைமேல் ஏறி நின்று வெட்டினாள். விழுந்ததையெல்லாம் இழுத்து வேலி ஓரமாக ஒதுக்கினாள். டயரில் ஏறிவிடக் கூடாதே என்று கீழே சிதறிய முட்களையும் ஒரு கிளையாலேயே கூட்டித் தள்ளினாள். வெயில் வருவதற்குள் வீட்டுக்கு வந்து அரிவாளைக் கழுவி வைத்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.

காலையில் மினி பஸ் மாலையும் வாழைக்கன்றுமாக இட்டேரிக்குள் நுழைந்தது. திருப்பத்தில் மோகன்குமார் வண்டியை நிறுத்தச் சொல்லி, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டக்காரர்தான் ஆள் விட்டு வெட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மறக்காமல் அவருக்கு ஒரு பெட்டி இனிப்பு அனுப்பினார். அவரும் எதற்கென்று தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

குடோனில் கோமளா உள்ளங்கையில் ஏறியிருந்த முள்ளை ஊக்கால் எடுத்துப் போட்டாள். அறுந்திருந்த இழையை முடிந்தாள். நூல் சுற்றத் தொடங்கினாள்.